சந்தாவா, சில்லறையா: வாளையாருக்கு இருபுறமும் மின்கார் ஓட்டுபவர்களுக்கான சார்ஜிங் கணக்கு

கேரள எல்லையோரக் கொழிஞ்சாம்பாறையில் குடியிருந்து கோயம்புத்தூரில் வேலை பார்ப்பவர்கள், பொள்ளாச்சிச் சந்தைக்குத் தேங்காய் ஏற்றிச் செல்பவர்கள், பாலக்காட்டு மருத்துவமனைக்கும் அதே மாவட்டத்துச் சித்தூர் தாலுகா அலுவலகத்துக்கும் மாறிமாறி அலைபவர்கள் என்று எங்கள் பக்கத்து வாழ்க்கை இரண்டு மாநிலங்களில் பாதிபாதியாக நடக்கிறது. பெட்ரோல் வண்டி வைத்திருந்தவரை, கேரளத்தைவிட விலை குறைவாக இருக்கும் தமிழ்நாட்டுப் பக்கம் போகும்போது டேங்கை நிரப்பிக்கொண்டு திரும்புவது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த சிக்கனம். பங்கின் வாசலிலேயே விலைப்பலகை இருந்ததால் அந்தக் கணக்குக்கு யோசனையே தேவைப்படவில்லை.

மின்கார் வந்த பிறகு அந்தப் பலகை கைபேசிக்குள் போய்விட்டது. ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு செயலி, ஒவ்வொரு செயலிக்குள்ளும் ஒரு வாலட், அதற்குள் ஒரு விலை, அந்த விலையைக் குறைப்பதாகச் சொல்லும் ஒரு மாதச் சந்தா என்று அடுக்கடுக்காக இருக்கிறது. கடந்த ஆறு மாதங்களில் என்னிடம் வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே கேள்விதான்: “ஏனுங்க, மாசாமாசம் பணம் கட்டுற மெம்பர்ஷிப் எடுத்துக்கலாங்களா, இல்ல அப்பப்ப கட்டிக்கிட்டா போதுங்களா?” கேட்டவர்களில் தினமும் வாளையார் எல்லையைத் தாண்டும் ஆசிரியர் ஒருவரும், பாலக்காட்டில் மின்ஆட்டோ ஓட்டும் ஒருவரும், மாதம் ஒருமுறை குருவாயூர் போய்வரும் என் மாமாவும் உண்டு. மூவருக்கும் ஒரே விடை பொருந்தாது. ஆனால் மூவரும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய எண் ஒன்றுதான்: வீட்டுக்கு வெளியே மாதம் எத்தனை யூனிட் வாங்குகிறோம் என்பது.

## எதை வைத்து ஒப்பிடுவது

முதல் அளவுகோல், எல்லாம் சேர்ந்த யூனிட் விலை. செயலியில் பெரிய எழுத்தில் தெரியும் விலை பல நேரங்களில் ஜிஎஸ்டி சேராத விலை. வாகனத்துக்கு சார்ஜ் ஏற்றித் தருவது மின்சார விற்பனை ஆகாது, அது ஒரு சேவை என்று மத்திய மின்துறை அமைச்சகம் 2018-இல் விளக்கம் அளித்தது. மின்சாரத்துக்கு ஜிஎஸ்டி இல்லை, சேவைக்கு 18 சதவீதம் உண்டு. ஆகவே யூனிட்டுக்கு 20 ரூபாய் என்று தெரிவது, வரி சேரும்போது 23 ரூபாய் 60 காசு ஆகிறது. ஒரு செயலி வரி சேர்த்தும் இன்னொன்று வரி சேர்க்காமலும் விலை காட்டினால், 22 ரூபாய் என்பது 20 ரூபாயைவிட மலிவாக இருக்க வாய்ப்பு உண்டு. எனவே இரண்டு செயலிகளின் விலைத்திரைகளை ஒப்பிடுவதில் பயனில்லை. இரண்டு பில்களைத்தான் ஒப்பிட வேண்டும். பில்லில் இருக்கும் மொத்தத் தொகையை, அதில் உள்ள யூனிட்டால் வகுத்தால் வருவதே உண்மையான விலை.

இரண்டாவது, நிலையான செலவு: மாதச் சந்தா, ஆண்டுச் சந்தா, அட்டைக்கான கட்டணம். சந்தாவுக்கும் வரி உண்டு என்பதைப் பலர் கணக்கில் சேர்ப்பதில்லை.

மூன்றாவது, முடங்கும் பணம். ஒரு நிறுவனத்தின் சேவைக்கு மட்டும் பயன்படும் வாலட்டை ரிசர்வ் வங்கி மூடிய வகை முன்பணக் கருவி என்று வகைப்படுத்துகிறது. அந்த வகையில் போட்ட பணத்தை ரொக்கமாக எடுக்க வழி கிடையாது. சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து என் கைபேசியில் இருந்த நான்கு சார்ஜிங் செயலிகளின் மிச்சத்தைக் கூட்டிப் பார்த்தேன். 1,140 ரூபாய் இருந்தது. அந்த நான்கில் இரண்டு செயலிகளை நான் எட்டு மாதங்களாகத் திறக்கவே இல்லை.

நான்காவது, எல்லைக்கு இருபுறமும் உதவுமா என்பது. கோயம்புத்தூரில் வசிப்பவருக்கோ எர்ணாகுளத்தில் வசிப்பவருக்கோ இது பெரிய கேள்வி இல்லை. எங்களுக்கு இதுதான் பாதிக் கணக்கு. கோயம்புத்தூரைத் தலைமையிடமாகக் கொண்ட நிறுவனமும், கேரளத்தில் தொடங்கிய நிறுவனங்களும், டாடா பவர் போல நாடு முழுவதும் இருப்பவையும், எண்ணெய் நிறுவனங்களின் பங்குகளில் இருக்கும் சார்ஜர்களும் எங்கள் சாலைகளில் கலந்து கிடக்கின்றன. ஒருவரின் பலம் வாளையாருக்குக் கிழக்கே, இன்னொருவரின் பலம் மேற்கே. ஒரு நிறுவனத்துக்கு மட்டும் சந்தா கட்டினால், பயணத்தின் பாதித் தூரத்துக்குத்தான் சந்தா கட்டியதாக ஆகிவிடலாம்.

ஐந்தாவது, பிளக்கும் வேகமும். இன்றைய மின்கார்களில் வேகச் சார்ஜிங்குக்கு சிசிஎஸ் 2 வகைப் பிளக்தான் வழக்கம். ஆனால் தொடக்க காலத்தில் நிறுவப்பட்ட பாரத் டிசி-001 வகைச் சார்ஜர்கள் 15 கிலோவாட் திறனும் வேறு பிளக்கும் கொண்டவை. வரைபடத்தில் பச்சையாகத் தெரிந்தாலும் இன்றைய காருக்கு அவை உதவா. வேகத்திலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 60 கிலோவாட் என்று எழுதியிருக்கும் இரட்டைக் கன் (காரில் சொருகும் முனை) சார்ஜரில் இரண்டு கார்கள் ஒரே நேரத்தில் ஏறினால் பெரும்பாலும் ஆளுக்கு 30 கிலோவாட்தான் கிடைக்கும். 80 சதவீதத்துக்கு மேல் பேட்டரியே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்; அந்தக் கடைசி 20 சதவீதத்துக்காகக் காத்திருப்பது பெரும்பாலும் வீண். சார்ஜ் முடிந்த பிறகும் காரை எடுக்காமல் விட்டால் நிமிடக் கணக்கில் நிறுத்தக் கட்டணம் வசூலிக்கும் நிறுவனங்களும் இருக்கின்றன.

ஆறாவது, கோளாறு ஏற்பட்டால் யார் பொறுப்பு என்பது. இதை விலைப்பட்டியலில் காண முடியாது. ஒருமுறை திருச்சூர்ப் பக்கம் இரவு ஒன்பதரை மணிக்கு 500 ரூபாய் முன்கட்டணம் கட்டி ஏற்றத் தொடங்கினேன். ஆறு யூனிட் ஏறியதும் சார்ஜர் நின்றுவிட்டது. மீதிப் பணம் திரும்பி வர ஒன்பது நாட்கள் ஆயின. வந்ததும் வங்கிக் கணக்குக்கு வரவில்லை, அதே வாலட்டுக்குத்தான் வந்தது. அந்த இரவில் எனக்குத் தேவைப்பட்டது பணம் அல்ல, பத்துக் கிலோமீட்டருக்குள் இன்னொரு சார்ஜரும் அதற்கான செயலியும். இரண்டும் இருந்ததால் வீடு வந்து சேர்ந்தேன்.

## முதல் வழி: வீட்டில் ஏற்றிக்கொள்வது

பொதுச் சார்ஜர்களை ஒப்பிடும் கட்டுரையில் வீட்டைச் சேர்ப்பதற்குக் காரணம் இருக்கிறது. வீட்டில் எவ்வளவு ஏற்ற முடியும் என்பதே வெளியே எவ்வளவு வாங்குகிறோம் என்பதைத் தீர்மானிக்கிறது.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து கோயம்புத்தூர் போய்த் திரும்ப ஏறத்தாழ 70 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நடுத்தர அளவுள்ள கார் யூனிட்டுக்கு ஏழு கிலோமீட்டர் கொடுத்தால் நாளுக்குப் பத்து யூனிட் செலவாகும். வீட்டு மின்சாரம் காருக்குள் இருக்கும் சார்ஜர் வழியாகப் பேட்டரிக்குப் போகும்போது பத்து முதல் பதினைந்து சதவீதம் வெப்பமாக வீணாவதால், மீட்டரில் ஓடுவது பதினொன்றோ பன்னிரண்டோ ஆக இருக்கும். 25 வேலை நாட்களுக்கு 300 யூனிட்.

இங்கேதான் கேரளப் பக்கத்து வீடுகளுக்குச் சிக்கல். கேரள மின்வாரியத்தின் வீட்டுக் கட்டணத்தில் மாதம் 250 யூனிட் வரை படிப்படியான விலை. அதைத் தாண்டினால் முதல் யூனிட்டிலிருந்தே எல்லாவற்றுக்கும் ஒரே உயர்ந்த விலை. கார் வருவதற்கு முன் 150 யூனிட் செலவழித்த வீடு, கார் வந்ததும் 450-க்குப் போகும். அப்போது விளக்குக்கும் விசிறிக்கும் பயன்படுத்திய பழைய 150 யூனிட்டின் விலையும் ஏறிவிடும். அந்த ஏற்றத்தையும் காரின் கணக்கில்தான் எழுத வேண்டும். தமிழ்நாட்டுப் பக்கம் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் என்பது இதே போன்ற எல்லைக்கோடு. அதைத் தாண்டினால் கீழ்ப்படியின் சலுகை விலையில் ஒரு பகுதி போய்விடும்.

ஆகவே வீட்டு மின்சாரத்தின் அடக்கவிலையைப் படி அட்டவணையில் தேடக் கூடாது. கார் வந்த பின் வந்த பில்லிலிருந்து முந்தைய பில்லைக் கழித்து, வித்தியாசத்தைக் கூடுதல் யூனிட்டால் வகுக்க வேண்டும். நான் கணக்குப் பார்த்துக் கொடுத்த வீடுகளில், இப்படிக் கூடி வந்த விலையும் வேகச் சார்ஜர் விலையில் பாதியைச் சுற்றியே நின்றது. எனவே சொந்த வீடும் கார் நிறுத்த இடமும் இருப்பவருக்கு இந்த வழியே முதன்மையானது. மாலை ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்தவுடன் பிளக்கைச் சொருகும் பழக்கத்தை மட்டும் விட்டுவிட வேண்டும்; அந்த உச்ச நேரத்தில் ஏற்ற வேண்டாம் என்று கேரள மின்வாரியமே கோடைதோறும் கேட்டுக்கொள்கிறது. இரவு பதினொரு மணிக்கு மேல் தொடங்கினாலும் 3.3 கிலோவாட் சார்ஜரில் நான்கு மணி நேரத்துக்குள் அன்றைய ஓட்டத்துக்கானது ஏறிவிடும்.

வாடகை வீட்டிலோ மாடிக் குடியிருப்பிலோ இருப்பவர்களுக்கும், ஒரே நாளில் பேட்டரி தாங்கும் தூரத்துக்கு மேல் ஓடுபவர்களுக்கும் இந்த வழி போதாது.

## இரண்டாவது வழி: மின்வாரியத்தின் சார்ஜர்கள்

கேரளத்தில் மின்வாரியமே இரண்டு வகை வசதிகளைச் செய்து வைத்திருக்கிறது. ஒன்று, ஊர் முனைகளில் மின்கம்பத்திலேயே பொருத்தப்பட்ட சிறு சார்ஜர்; 2021-இல் கோழிக்கோட்டில் முன்னோட்டமாகத் தொடங்கி மாநிலம் முழுவதும் பரவியது. இது இருசக்கர வண்டிக்கும் ஆட்டோவுக்கும் ஏற்றது. இன்னொன்று, கார்களுக்கான வேகச் சார்ஜிங் நிலையம்.

கம்பத்துச் சார்ஜரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். மின்ஆட்டோக்காரருக்கு அதில் கிடைப்பது மலிவான மின்சாரம் மட்டும் அல்ல, ஓட்டத்தின் நடுவே கிடைக்கும் நேரமும்தான். ஏழெட்டு யூனிட் பேட்டரி கொண்ட ஆட்டோ மதியம் பாதி இறங்கியிருக்கும். சாப்பாட்டு நேரத்தில் ஒன்றரை மணி நேரம் கம்பத்தில் நின்றால் ஏறத்தாழ மூன்று யூனிட் ஏறும். மாலையில் பள்ளிக் குழந்தைகளை ஏற்றவும் இரவு ரயில் நிலையச் சவாரிக்கும் அது போதும். சந்தா இல்லை, பெரிய முன்பணமும் தேவையில்லை. குறை என்னவென்றால் கம்பம் சாலையோரத்தில் இருப்பதால் யாராவது வண்டியை நிறுத்திவிட்டால் அணுக முடியாது. இடவப்பாதி மழையில் திறந்தவெளியில் நின்று பிளக்கைச் சொருக வேண்டும். கார்க்காரருக்கு இதில் பயன் குறைவு.

விலையில் கவனிக்க வேண்டியது நேரம். சார்ஜிங் நிலையங்களுக்கான 2024-ஆம் ஆண்டு மத்திய வழிகாட்டு நெறிகள், காலை 9 மணி முதல் மாலை 4 மணி வரையிலான சூரிய மின்சார நேரத்தில் நிலையங்களுக்குத் தரும் மின்சாரத்துக்குச் ஒரு யூனிட்டை வழங்க மின்வாரியத்துக்கு ஆகும் சராசரிச் செலவில் 0.7 மடங்கும், மற்ற நேரங்களில் 1.3 மடங்கும் விலை வைக்கச் சொல்கின்றன. சராசரிச் செலவு 7 ரூபாய் என்று எடுத்துக்கொண்டால் பகலில் 4 ரூபாய் 90 காசு, மற்ற நேரத்தில் 9 ரூபாய் 10 காசு. யூனிட்டுக்கு 4 ரூபாய் 20 காசு வித்தியாசம். கேரளம், தமிழ்நாடு ஆகிய இரு மாநிலங்களிலும் இந்தப் பகல் நேரச் சலுகை நடைமுறையில் இருக்கிறது. சந்தா கட்டிப் பெறும் தள்ளுபடி யூனிட்டுக்கு இரண்டு ரூபாய் அளவில்தான் இருக்கிறது என்றால், எந்தச் சந்தாவும் இல்லாமல் நேரத்தை மாற்றிக்கொள்வதாலேயே அதைவிட அதிகம் மிச்சப்படுத்த இடம் உண்டு. ஆனால் அந்தச் சலுகை நிலையத்துக்குக் கிடைப்பது. நிலையம் அதை நமக்குத் தருகிறதா என்பதை, காலை பதினொரு மணிக்கும் இரவு எட்டு மணிக்கும் ஒரே சார்ஜரின் விலையைச் செயலியில் பார்த்து உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும்.

பகலில் வண்டி நிறுத்தியிருப்பவர், குறிப்பாகப் பாலக்காடு, சித்தூர் அலுவலகங்களுக்கு வந்து காத்திருப்பவர், இந்த வழியை முதலில் பார்க்கலாம்.

## மூன்றாவது வழி: தனியார் சார்ஜரில் அவ்வப்போது கட்டுவது

சந்தா இல்லை. ஏற்றும்போது மட்டும் பணம். விலை இந்த ஐந்து வழிகளில் பெரும்பாலும் உயர்ந்தது. ஆனால் பயன்படுத்தாத மாதத்தில் செலவு சுழியம். என் மாமாவைப் போல மாதம் ஒருமுறை நீண்ட தூரம் போகிறவருக்கு இதைவிடப் பொருத்தமானது எதுவும் இல்லை.

மறைந்திருக்கும் செலவு வாலட்டில் இருக்கிறது. பன்னிரண்டு யூனிட் ஏற்ற வேண்டியவரிடம் 500 ரூபாய் போடச் சொன்னால் 200 ரூபாய்க்கு மேல் மிஞ்சிவிடும். க்யூஆர் கோடைக் காட்டி நேரடியாக யூபிஐ மூலம் பணம் வாங்கும் சார்ஜர், யூனிட்டுக்கு ஒரு ரூபாய் அதிகமாக இருந்தாலும் அபூர்வமாகப் பயன்படுத்துகிறவருக்கு மலிவு. பன்னிரண்டு ரூபாய் கூடுதலாகக் கொடுத்து 200 ரூபாயைக் கையில் வைத்துக்கொள்கிறார் அவர்.

டிசி வேகச் சார்ஜருக்கும் ஏசி சார்ஜருக்கும் விலையை ஒப்பிடும்போது இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ஏசி சார்ஜரில், பேட்டரிக்கு வேண்டிய டிசியாக மின்சாரம் மாறுவது நம் காருக்குள். அந்த இழப்பு நம் பில்லில் விழும். டிசியில் அந்த மாற்றம் சார்ஜருக்குள்ளேயே நடந்துவிடுகிறது. கன் வழியாகக் காருக்குள் வந்த யூனிட்டையே பொதுவாக எண்ணுகிறார்கள். ஏசி யூனிட் 15 ரூபாய் என்றால், பேட்டரியில் சேர்ந்த யூனிட்டுக்கு அது 17 ரூபாயைத் தொடும். அப்படியும் மலிவுதான், ஆனால் பலகையில் தெரியும் அளவுக்கு மலிவு அல்ல.

## நான்காவது வழி: ஒரே நிறுவனத்தின் மாதச் சந்தா

கேள்வி கேட்கும் எல்லோர் மனதிலும் இருப்பது இதுதான் என்பதால் எண்களை வைத்தே பார்ப்போம். இவை எந்த நிறுவனத்தின் விலையும் அல்ல, கணக்குக்காக எடுத்துக்கொண்டவை. யூனிட் 20 ரூபாய். மாதச் சந்தா 200 ரூபாய். சந்தாதாரருக்கு 10 சதவீதத் தள்ளுபடி. வரியோடு சந்தா 236 ரூபாய் ஆகிறது. தள்ளுபடி யூனிட்டுக்கு இரண்டு ரூபாய், அதற்கான வரியும் குறைவதால் 2 ரூபாய் 36 காசு. 236-ஐ 2.36-ஆல் வகுத்தால் 100. அதாவது அந்த ஒரே நிறுவனத்திடம் மாதம் 100 யூனிட் வாங்கினால்தான் சந்தாவுக்குக் கொடுத்த பணம் திரும்புகிறது. 101-ஆவது யூனிட்டிலிருந்துதான் லாபம். நூறு யூனிட் என்பது 700 கிலோமீட்டர் ஓட்டம்.

மாதம் மூன்று முறை, தடவைக்கு 18 யூனிட் ஏற்றுகிறவர் வாங்குவது 54 யூனிட். அவருக்குக் கிடைக்கும் தள்ளுபடி 127 ரூபாய் 44 காசு. கட்டிய சந்தா 236. ஒவ்வொரு மாதமும் 108 ரூபாய் 56 காசு நஷ்டத்தில் இருக்கிறார், தள்ளுபடி பெறுவதாக நினைத்துக்கொண்டு. நாளுக்கு 15 யூனிட் வீதம் 26 நாட்கள் வெளியே ஏற்றும் டாக்சிக்காரரோ 390 யூனிட் வாங்குகிறார். தள்ளுபடி 920 ரூபாய் 40 காசு, சந்தா போக மாதம் 684 ரூபாய் 40 காசு மிச்சம். அவர் சந்தா எடுக்காமல் இருப்பதுதான் தவறு.

எல்லைப் பகுதிக்காரர் இந்தக் கணக்கில் ஒரு திருத்தம் செய்துகொள்ள வேண்டும். மாதம் 120 யூனிட் வெளியே வாங்குகிறவர் நூறைத் தாண்டிவிட்டதாக நினைப்பார். அதில் 70 யூனிட் கோயம்புத்தூர்ப் பக்கமும் 50 யூனிட் பாலக்காடு, திருச்சூர்ப் பக்கமும் என்றால், இருபுறமும் வலுவாக இல்லாத நிறுவனத்தின் சந்தாவால் அவருக்கு நஷ்டமே. சந்தா எடுப்பதற்கு முன் போன மூன்று மாதங்களின் பில்களை எடுத்து, அந்தந்த நிறுவனத்தின் யூனிட்டைத் தனித்தனியாகக் கூட்டிப் பார்க்க வேண்டும். மூன்று மாதங்களில் மிகக் குறைவாக ஓடிய மாதத்தின் யூனிட், சந்தாப் பணம் திரும்பும் எண்ணுக்கு மேல் இருந்தால் எடுக்கலாம். சராசரி மட்டும் மேலே இருந்தால் ஒரு மாதச் சந்தாவாக எடுத்துப் பார்க்கலாம். ஆண்டுச் சந்தா வேண்டாம்.

ஆண்டுச் சந்தாவை நான் பொதுவாகவே தடுக்கிறேன். ஆசிரியருக்கு ஏப்ரல், மே விடுமுறை. தேங்காய் வியாபாரிக்கு வரத்துக் குறையும் மாதங்கள். எல்லோருக்கும் கல்யாணக் காலமும் நோன்புக் காலமும் உண்டு. பன்னிரண்டு மாதமும் ஒரே சீராக ஓடும் வண்டி டாக்சியைத் தவிர அபூர்வம். அதோடு இந்தத் துறையே இன்னும் நிலைப்படவில்லை. 2024 அக்டோபரில் தொடங்கிய பிஎம் இ-டிரைவ் திட்டத்தில் பொதுச் சார்ஜர்களுக்கென்று மட்டும் 2,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டிருக்கிறது. புதுச் சார்ஜர்கள் வரும்போது உங்கள் வழியில் வேறொருவர் மலிவாகக் கடை திறக்கலாம். ஓராண்டுக்குக் கட்டிவிட்டால் அவரிடம் போக மனம் வராது.

பயண வழியின் இயல்பும் யூனிட் எண்ணிக்கையை மாற்றும். கோயம்புத்தூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 400 மீட்டர் உயரம், பாலக்காடு சுமார் 80 மீட்டர். ஒன்றரை டன் எடையுள்ள கார் அந்த உயரத்தை ஏறுவதற்கு மட்டும் ஒரு யூனிட்டுக்கும் சற்று அதிகமான மின்சாரம் வேண்டும். ஆனால் ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் மேல்காற்று, மேற்கே போகும் காருக்கு எதிராகவும் கிழக்கே திரும்பும் காருக்குத் துணையாகவும் வீசுகிறது. ஆகவே சாதாரண மாதங்களில் பாலக்காட்டிலிருந்து திரும்பும்போதும், காற்றுக் காலத்தில் போகும்போதும் சற்றுக் கூடுதல் சார்ஜோடு கிளம்புவது நல்லது. மழைக்கு முந்தைய மாதக் கணக்கை மட்டும் வைத்துச் சந்தா முடிவு செய்யாதீர்கள்.

வண்டி வாங்கும்போது நிறுவனமே கொடுக்கும் இலவசச் சார்ஜிங் சலுகையும் ஒரு வகையில் சந்தாதான். எத்தனை மாதம், எத்தனை யூனிட், எந்த நிறுவனத்தின் சார்ஜர்கள் என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டு, அது முடியும்வரை வேறு சந்தா எதையும் எடுக்காமல் இருப்பது போதும்.

## ஐந்தாவது வழி: பல நிறுவனங்களை இணைக்கும் செயலி

ஒரே செயலி, ஒரே வாலட், பல நிறுவனங்களின் சார்ஜர்கள். முடங்கும் பணம் ஓரிடத்தில் மட்டும். எல்லைப் பகுதிக்கு இயல்பாகவே பொருந்தும் யோசனை இது.

இரண்டு குறைகளைத் தெரிந்துகொண்டு பயன்படுத்த வேண்டும். ஒன்று, அதே சார்ஜருக்கு அந்த நிறுவனத்தின் சொந்தச் செயலியில் இருக்கும் விலையும் தள்ளுபடியும் இங்கே இருக்கும் என்ற உறுதி இல்லை. இன்னொன்று, நடுவில் நின்றுபோனால் செயலிக்காரர் சார்ஜர்க்காரரையும், சார்ஜர்க்காரர் செயலிக்காரரையும் கைகாட்டும் நிலை. எரிசக்திச் சிக்கன அமைப்பு 2022 டிசம்பரில் வெளியிட்ட ஈவி யாத்ரா செயலி, சார்ஜர் எங்கே இருக்கிறது என்று தேடுவதற்குப் பயன்படும். ஆனால் சார்ஜர் இப்போது ஓடுகிறதா என்பதைப் புறப்படுவதற்கு முன் அந்தந்த நிறுவனத்தின் செயலியிலும் பார்த்துவிட வேண்டும்.

மாதம் 30 முதல் 100 யூனிட் வரை, இரு மாநிலங்களிலும் கலந்து வாங்குகிறவருக்கு இதுவே என் தேர்வு. சொந்த வீட்டில் ஏற்ற முடிகிற எங்கள் ஊர்க் கார்க்காரர்களில் பெரும்பாலோர் இந்த இடைவெளிக்குள்தான் வருகிறார்கள்.

## இருசக்கர வண்டிக்குச் சுருக்கமாக

ஸ்கூட்டர்க்காரர்கள் சந்தாவைவிடப் பிளக்கைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஏதர் உருவாக்கிய பிளக்கை இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2023-இல் ஏற்றது. ஏதர், ஹீரோ விடா வண்டிகள் அதைப் பகிர்ந்துகொள்கின்றன. அந்தப் பிளக் இல்லாத வண்டிகளுக்கு அந்த வேகச் சார்ஜர் பயன்படாது. மூன்று யூனிட் பேட்டரிக்கு மாதச் சந்தா கட்டுவதற்கு, உணவு விநியோகம் செய்பவரைத் தவிர வேறு யாருக்கும் காரணம் இல்லை.

## ஒரே பார்வையில்

| வழி | நிலையான செலவு | யூனிட் விலை | முடங்கும் பணம் | இரு மாநிலப் பயன் | யாருக்கு |
|---|---|---|---|---|---|
| வீடு | இல்லை. ஆனால் படி தாண்டினால் முழு பில்லும் ஏறும் | மிகக் குறைவு | இல்லை | கிளம்பும் இடத்தில் மட்டும் | சொந்த இடம் உள்ளவர், தினப் பயணி |
| மின்வாரியம் | இல்லை | குறைவு முதல் நடுத்தரம். பகலில் சலுகை | சிறிது | அந்தந்த மாநிலத்துக்குள் | ஆட்டோ, பகலில் நிறுத்துபவர் |
| தனியார், அவ்வப்போது | இல்லை | உயர்வு | செயலிக்கு ஒன்றாகப் பெருகும் | உண்டு, செயலிகள் பல | மாதம் ஓரிரு நீண்ட பயணம் |
| தனியார் சந்தா | மாதந்தோறும், வரியோடு | தள்ளுபடிக்குப் பின் நடுத்தரம் | ஒரே இடத்தில் | நிறுவனத்தைப் பொறுத்தது | டாக்சி, வீட்டில் ஏற்ற முடியாதவர் |
| இணைப்புச் செயலி | பெரும்பாலும் இல்லை | உயர்வு | ஒரே இடத்தில் | நன்று | இரு பக்கமும் நடுத்தர அளவில் ஓடுபவர் |

## கேட்ட மூவருக்கும்

தினமும் கோயம்புத்தூர் போகும் ஆசிரியர், வீட்டில் இரவு பதினொரு மணிக்கு மேல் ஏற்றட்டும், சந்தா வேண்டாம். பள்ளி வளாகத்தில் ஒரு 15 ஆம்பியர் பிளக் பாயின்ட் வைத்துக்கொள்ள நிர்வாகம் அனுமதித்தால், வீட்டு மீட்டர் மாதம் 250-ஐத் தாண்டாத அளவுக்கு வாரத்தில் சில நாட்கள் அங்கே, அதற்கான பணத்தைக் கொடுத்து, ஏற்றிக்கொள்வது அவருடைய மொத்த பில்லையும் கீழ்ப்படியில் நிறுத்தி வைக்க உதவும்.

ஆட்டோக்காரருக்குக் கம்பத்துச் சார்ஜர். பகல் 9 மணிக்கும் 4 மணிக்கும் இடையே சாப்பாட்டு நேரத்தை வைத்துக்கொண்டு, ரயில் நிலையத்துக்கு அருகிலும் வீட்டுக்குப் போகும் வழியிலும் இரண்டு கம்பங்களைத் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். ஒன்று அடைபட்டிருந்தால் இன்னொன்று.

மாமாவுக்குச் சந்தா இல்லை, க்யூஆர் கோடு சார்ஜர் போதும். வீட்டிலிருந்து முழுச் சார்ஜோடு கிளம்பினால் குதிரான் சுரங்கப்பாதை தாண்டித் திருச்சூர் வரை அவருடைய காருக்குத் தொந்தரவு இல்லை. அங்கே காபி குடிக்கும் நேரத்தில் 80 சதவீதம் வரை ஏற்றிக்கொண்டால் குருவாயூர் போய்த் திரும்பலாம். சென்ற மாதம் அவர் கைபேசியை வாங்கிப் பார்த்தபோது, ஒரு வருடத்துக்கு முன் முதல் மாதம் இலவசம் என்று யாரோ எடுத்துக் கொடுத்த சந்தா ஒன்று யூபிஐ ஆட்டோபே வழியாக மாதந்தோறும் அவர் கணக்கிலிருந்து போய்க்கொண்டிருந்தது. பணம் செலுத்தும் செயலியில் ஆட்டோபே பகுதிக்குப் போய் அதை நிறுத்தினோம். உங்கள் கைபேசியிலும் அந்தப் பகுதியை இன்றே ஒருமுறை திறந்து பாருங்கள்.